ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு: கேடிஇ-யின் பழைய, புதிய பதிப்புகளை அருகருகே ஓட்டுவது பற்றி

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 79 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2006-இல் அவருக்கு ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதில் இருந்த டெஸ்க்டாப் கேடிஇ 3.5. மவுஸ் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. ஆனால் பிடித்தபின் விடவில்லை. வயல், வாய்க்கால், ஏரி சார்ந்த வட்டாரச் சொற்களைத் திரட்ட ஆரம்பித்தார். கேட் எடிட்டரில் எழுத்துக்கு ஒரு ஃபைல், சொல், அதன் பொருள், யார் சொன்னது, எந்த ஊர். அவ்வளவுதான் அமைப்பு. நெட் இணைப்பே இல்லாத அந்த மெஷினில் இத்தனை வருஷமாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

போன வருஷம் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை எல்லாம் எடுத்துவிட்டேன், ஒரு சொல்கூடப் போகவில்லை. புதுக் கணினி வாங்கி, பிளாஸ்மா 6 போட்டு, பொறியியல் படிக்கும் அவருடைய பேத்தியிடமும் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து போனில் கேட்டேன்.

"எழுதறீங்களா பெரியப்பா?"

"இல்லப்பா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கை போக மாட்டேங்குது."

புகாராகச் சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு உறைத்தது. திட்டியிருந்தால் ஏதாவது செட்டிங்கை மாற்றிக் கொடுத்திருப்பேன். கை போகவில்லை என்பதற்கு எந்த செட்டிங்கை மாற்றுவது?

இந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் இந்தக் குறிப்பு. ஒரே கணினியில், பேத்திக்குப் புதிய டெஸ்க்டாப்பும் தாத்தாவுக்குப் பழைய டெஸ்க்டாப்பும் ஒன்றை ஒன்று இடிக்காமல் ஓட முடியுமா? முடியும். ஆனால் அதைச் செய்யப்போன வழியில், டெஸ்க்டாப் செய்கிறவர்கள் இந்தக் கேள்வியை எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். என் விமர்சனம் அதைப் பற்றியது.

முதலில் ஒரு எதிர்க்கேள்வியைத் தீர்த்துவிடுவோம். "பிளாஸ்மா 6-ஐயே பழைய மாதிரி மாற்றிக் கொடுக்கலாமே?" செய்து பார்த்தேன். பிளாஸ்மா 6-இல் ஃபைலைத் திறக்க டபுள் கிளிக் முன்னிருப்பாக வருகிறது. அதற்கு முன் கேடிஇ-யில் ஒற்றைக் கிளிக்தான். அதை மாற்றினேன். கீழே மிதந்துகொண்டிருந்த பேனலைத் தரையில் ஒட்டினேன். மெனுவை எளிமையாக்கினேன். பார்க்க முக்கால்வாசி பழையது மாதிரி ஆகிவிட்டது. பிரச்சினையே அந்த முக்கால்வாசிதான். முழுக்கப் புதிதாக இருந்தால் மனுஷன் கவனமாகக் கற்றுக்கொள்வான். பழையது மாதிரி தெரிந்து, கை வைத்த இடத்தில் வேறு ஒன்று நடந்தால் நம்பிக்கையே போய்விடும். "படிக்கட்டுல ஒரு படி மட்டும் உயரம் மாறினா எப்படி இருக்கும், அப்படி இருக்கு" என்றார் பெரியப்பா. நான் மேலே வாதாடவில்லை.

இப்போது கொஞ்சம் வரலாறு.

கேடிஇ 3.5 வெளிவந்தது 2005 நவம்பரில். அந்த வரிசையின் கடைசி வெளியீடான 3.5.10 வந்தது 2008 ஆகஸ்டில். அதற்குள், 2008 ஜனவரி 11 அன்று, கேடிஇ 4.0 வந்துவிட்டது. உள்ளே எல்லாமே புதிது: க்யூட்டி 3-க்குப் பதில் க்யூட்டி 4, பழைய பேனலுக்குப் பதில் பிளாஸ்மா, ஃபைல் மேலாளராக இருந்த காங்கரருக்குப் பதில் டால்ஃபின். 4.0 என்பது அடித்தளம்தான், அன்றாடம் எல்லாரும் பயன்படுத்துவதற்கான முழுமையான கேடிஇ 4 இன்னும் வரவில்லை என்று அதை எழுதியவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பதிப்பு எண்ணில் ".0" என்று போட்டுவிட்டால் உலகம் அதை முடிந்த சரக்காகத்தான் எடுத்துக்கொள்ளும். லினஸ் டோர்வால்ட்ஸே 4.0-ஐப் பார்த்து க்னோமுக்குப் போனார். பிறகு 2011-இல் க்னோம் 3-ஐப் பார்த்து எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போனார். இரண்டையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்தக் கதையை வழக்கமாக "4.0-ஐ அவசரப்பட்டு வெளியிட்டுவிட்டார்கள்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். முடியாத மென்பொருள் வெளிவருவது திறந்த மூலத்தில் பாவமில்லை. வெளியே வந்தால்தானே சோதிக்க ஆள் கிடைக்கும்? பழையதும் கூடவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த 2008-இல் டிஸ்ட்ரோக்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். ஏப்ரலில் வந்த குபுண்டு 8.04, கேடிஇ 3-க்கு ஒரு வட்டு, கேடிஇ 4-க்கு இன்னொரு வட்டு என்று தனித்தனியாகக் கொடுத்தது. மே மாதம் வந்த ஃபெடோரா 9, கேடிஇ 4.0-க்கு நேரே தாவிவிட்டது. ஜூனில் வந்த ஓப்பன்சூசே 11.0, நிறுவும்போதே 3.5 வேண்டுமா 4.0 வேண்டுமா என்று கேட்டது. இரண்டையும் போட்டுக்கொள்ளவும் விட்டது. அக்டோபரில் வந்த குபுண்டு 8.10-இல் கேடிஇ 3 டெஸ்க்டாப் இல்லை. ஒரே வருஷத்தில், ஒரே மென்பொருளுக்கு, மூன்று விதமான நாகரிகம்.

ஓப்பன்சூசே-யால் இரண்டையும் சேர்த்து வைக்க முடிந்தது எப்படி? இதை ஆராயும்போது எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. ஒரு டெஸ்க்டாப்பின் இரண்டு பதிப்புகள் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்க வேண்டுமானால் நான்கு விஷயங்கள் பிரிந்திருக்க வேண்டும். பெயர், இடம், நினைவு, பேச்சு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர்

லைப்ரரிகளின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்க வேண்டும். அப்போதுதான் பழைய நிரல் பழையதைத் தேடும், புதியது புதியதைத் தேடும். க்னோம் உலகில் ஹாவோக் பென்னிங்டன் பல வருஷங்களுக்கு முன்பே இதைப் பற்றித் தெளிவாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பதிப்பு மாறி, ஒத்துப்போகாத மாற்றம் வந்தால், லைப்ரரியின் பெயர், ஹெடர் ஃபைல்களின் ஃபோல்டர் என்று எல்லாவற்றின் பெயரையும் மாற்றிவிடு, அப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்பது அதன் சாரம். ஜிடிகே 2, 3, 4 மூன்றும் இன்றும் ஒரே கணினியில் சமாதானமாக இருப்பதற்கு இந்த ஒழுக்கம்தான் காரணம். கேடிஇ-யும் இதில் குறை வைக்கவில்லை. அதன் ஃபிரேம்வொர்க்ஸ் லைப்ரரிகள் பெயரிலேயே 5 என்றும் 6 என்றும் தாங்கி வருகின்றன.

ஆனால் இந்த ஒழுக்கம் லைப்ரரியோடு நின்றுவிடுகிறது. டெஸ்க்டாப்பை உண்மையில் ஓட்டும் நிரல்கள், அதாவது பிளாஸ்மாஷெல், கேவின் போன்றவை, 5-இலும் அதே பெயர், 6-இலும் அதே பெயர். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது. ஆகவே பேக்கேஜ் மேலாளர் ஒன்றைப் போட்டால் மற்றதைத் தூக்கிவிடும்.

இடம்

பெயர் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறாக இருந்தால் சமாளிக்கலாம். சூசே-க்காரர்கள் கேடிஇ 3-ஐ ஆப்ட் ஃபோல்டருக்குள் கேடிஇ3 என்று தனியாகவும், கேடிஇ 4-ஐ யூஎஸ்ஆர் ஃபோல்டரில் வழக்கமான இடத்திலும் வைத்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி. கூட்டுக் குடும்பத்தில் அது மனஸ்தாபத்தின் அடையாளம். கணினியில் அதுதான் சமாதானம்.

நினைவு

நினைவு என்று நான் சொல்வது பயனரின் ஹோம் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும் அமைப்புக் கோப்புகளை. பேனல் எங்கே, குறுக்குவிசை என்ன, எந்த விட்ஜெட் எங்கே, எல்லாம் அங்கேதான். கேடிஇ 3 காலத்தில் இவை எல்லாம் "டாட் கேடிஇ" என்ற ஒரே மறைவு ஃபோல்டரில் இருந்தன. கேடிஇ 4 வந்தபோது சில டிஸ்ட்ரோக்கள் "டாட் கேடிஇ4" என்று தனி ஃபோல்டர் கொடுத்தன. தேவைப்பட்டால் ஒரு சூழல் மாறியை வைத்து அந்த ஃபோல்டரை எங்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாம்.

பிளாஸ்மா 5, 2014 ஜூலையில் வந்தபோது, இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, எல்லா டெஸ்க்டாப்புகளும் ஒத்துக்கொண்ட பொது மரபுக்கு மாறியது. அமைப்புகள் "டாட் கான்ஃபிக்" ஃபோல்டருக்கும், தரவுகள் "டாட் லோக்கல்" ஃபோல்டருக்கும் போயின. ஒழுங்கு என்ற அளவில் இது முன்னேற்றம்தான், நானே அன்று பாராட்டியவன். ஆனால் ஒழுங்குபடுத்தும் சாக்கில் ஒரு சுவரும் இடிந்துவிட்டது. பழைய ஏற்பாட்டில் பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் வைக்க இடமிருந்தது. புதிய ஏற்பாட்டில் பிளாஸ்மா 5-உம் பிளாஸ்மா 6-உம் அதே ஃபைலை, அதே பெயரில், அதே இடத்தில் எழுதுகின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க, தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கினேன். ஒரு பார்ட்டிஷனில் பிளாஸ்மா 5.27, இன்னொன்றில் பிளாஸ்மா 6, ஹோம் மட்டும் பொது. வெளியிலிருந்து இறக்கிய விட்ஜெட்டுகளில்தான் முதல் அடி விழுந்தது. பிளாஸ்மா 6-க்கான விட்ஜெட், தன் விவரக் கோப்பில் 6-க்கு ஏற்றது என்று அறிவித்திருக்க வேண்டும். 5-க்கு எழுதியது 6-இல் ஏறாது. இரண்டுக்கும் ஃபோல்டர் ஒன்றே, விட்ஜெட்டின் அடையாளப் பெயரும் ஒன்றே. ஆகவே ஒரு விட்ஜெட்டின் ஒரு பதிப்புதான் அங்கே குடியிருக்க முடியும். 6-இல் புதுப்பித்துவிட்டு 5-க்குத் திரும்பினால், பேனலில் அந்த இடம் ஓட்டையாகிறது. இது யாருடைய கவனக்குறைவும் அல்ல, அமைப்பு அப்படி.

இன்னொன்றும் உண்டு. பதிப்பு மாறும்போது பழைய அமைப்புக் கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்ற கேடிஇ-யில் ஒரு கருவி இருக்கிறது. எந்தெந்த மாற்றம் செய்தாகிவிட்டது என்று ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அது ஒருவழிப் பாதை. முன்னே கூட்டிப்போகும், திரும்பக் கொண்டுவராது.

பேச்சு

டெஸ்க்டாப்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு தடம் வேண்டும். கேடிஇ 3 அதற்கு டிகாப் என்ற சொந்தத் தடத்தை வைத்திருந்தது. கேடிஇ 4 முதல் டி-பஸ். டி-பஸ்ஸில் ஒரு பெயருக்கு ஒரு நேரத்தில் ஒரு சொந்தக்காரர்தான். "நான்தான் கேவின்" என்று ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் இன்னொருவர் அதே பெயரில் பேச முடியாது. போதாக்குறைக்கு, சிஸ்டம்டி உள்ள இன்றைய லினக்ஸில் ஒரு பயனருக்கு ஒரே பஸ்தான். அதே பயனர் இரண்டு இடத்தில் லாகின் செய்தாலும் இரண்டு டெஸ்க்டாப்பும் ஒரே பஸ்ஸில் முட்டிக்கொள்ளும்.

இந்த நான்கையும் வைத்து மதிப்பெண் போட்டால் ஒரு வேடிக்கை தெரிகிறது. மிக மோசமான மாற்றம் என்று பேர் வாங்கிய 3-லிருந்து 4-க்கான மாற்றம்தான், கூடி வாழ்வதற்கு மிக வசதியானது. லைப்ரரி வேறு, இடத்தை வேறாக்க முடிந்தது, நினைவை வேறாக்க முடிந்தது, பேசும் தடமே வேறு. திட்டமிட்டுச் செய்தது பாதி, எல்லாவற்றையும் புதிதாக எழுதியதால் தானாக அமைந்தது பாதி. மாறாக, 2024 பிப்ரவரி 28 அன்று வந்த பிளாஸ்மா 6, சத்தமில்லாமல் நடந்த நல்ல மாற்றம் என்று பாராட்டப்பட்டது. கூடி வாழும் கணக்கில் லைப்ரரி தவிர மற்ற எல்லாவற்றிலும் அது பூஜ்யம்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிளாஸ்மா 6-க்கான மாற்றம் சத்தமில்லாமல் நடந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே பெயரும் நினைவும் மாறாததுதான். பயனர் மேம்படுத்தினார், மறுபடி லாகின் செய்தார், அவருடைய பேனலும் வால்பேப்பரும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஃபோல்டரை வேறாக்கியிருந்தால் எல்லாரும் வெறும் திரையிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். ஆக, இழுபறி இதுதான்: பயணம் சுலபமாக இருக்க வேண்டுமானால் பெயர் மாறக் கூடாது. கூடி வாழ வேண்டுமானால் பெயர் மாற வேண்டும். பெரும்பான்மைக்கு முதலாவது போதும். அதைத் தேர்ந்தெடுத்ததற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது நடுவில் இருந்த ஒரு வழியை மறந்ததற்கு. 4-லிருந்து 5-க்கு வந்தபோது கேடிஇ-யிடம் ஒரு அருமையான பழக்கம் இருந்தது. பழைய ஃபோல்டரில் இருந்த அமைப்புக் கோப்புகளைப் புதிய இடத்துக்கு நகல் எடுப்பதற்கென்றே ஃபிரேம்வொர்க்ஸில் ஒரு பகுதி எழுதி வைத்திருந்தார்கள். நகல்தான், நகர்த்தல் அல்ல. பழையது பழைய இடத்தில் அப்படியே கிடந்தது. திரும்பிப் போக நினைத்தவனுக்குக் கதவு திறந்தே இருந்தது. இதே பழக்கம் 6-லும் தொடர்ந்திருந்தால், அதாவது முதல் முறை 6 எழும்போது 5-இன் அமைப்புகளை ஒரு பிரதி எடுத்து ஓரமாக வைத்திருந்தால், செலவு சில மெகாபைட். அமைப்புக் கோப்புகள் எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள்தானே. சுலபமான பயணமும் கிடைத்திருக்கும், திரும்பும் வழியும் இருந்திருக்கும்.

தாய்த் திட்டம் இடம் கொடுக்காதபோது கிளைகள் என்ன விலை கொடுக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு உதாரணம்.

ஒன்று, மேட். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது, க்னோம் 2-ஐ விட மனமில்லாதவர்கள் அதைக் கிளைபிரித்தார்கள். இரண்டும் ஒரே கணினியில் இருக்க வேண்டுமானால் பெயர் இடிக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினார்கள். நாட்டிலஸ், காஹா ஆனது. ஜிஎடிட், ப்ளூமா ஆனது. மெட்டாசிட்டி, மார்கோ ஆனது. எவின்ஸ், அட்ரில் ஆனது. எல்லாம் ஸ்பானியச் சொற்கள்: பெட்டி, பேனா, சட்டகம், ஏடு வைக்கும் தாங்கி. அழகான பெயர்கள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், பழைய வீட்டிலேயே தொடர்ந்து இருக்க ஆசைப்பட்டவர்கள் தங்கள் பெயரை எல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பழைய உதவிக் குறிப்புகளில் இருக்கும் பெயர் எதுவும் இப்போது பொருந்தாது. உள்ளேயும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2017-இல் வந்த மேட் 1.18-இல் ஜிடிகே 2-ஐ முழுதாக விட்டு ஜிடிகே 3-க்கு வந்துவிட்டார்கள். முகம் பழையது, எலும்பு புதிது. என் பார்வையில் இது மிக நேர்மையான பராமரிப்பு.

மற்றது, ட்ரினிட்டி. கேடிஇ 3.5.10-க்குப் பிறகு கிட்டத்தட்ட இருபது மாதம் கழித்து, 2010 ஏப்ரலில், திமதி பியர்சன் அதன் தொடர்ச்சியாக 3.5.11 என்ற எண்ணோடு ட்ரினிட்டியை வெளியிட்டார். அவர்கள் மேற்கொண்ட பெயர்மாற்றம் இன்னும் ஆழமானது. க்யூட்டி 3-ஐயே தாங்கள் பராமரிக்க எடுத்துக்கொண்டு டிக்யூட்டி என்று பெயரிட்டார்கள். லைப்ரரிகளின் முன்னொட்டு மாறியது. கேவின், ட்வின் ஆனது. ஆப்ட் ஃபோல்டரில் தனி இடம். ஹோமில் "டாட் ட்ரினிட்டி" என்று தனி நினைவு. என்னுடைய நான்கு சோதனைகளில் இடமும் நினைவும் பேச்சும் முழு மதிப்பெண்.

பெயரில் மட்டும் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். லைப்ரரிகளை மாற்றியவர்கள் பல பயன்பாடுகளின் பெயரை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். ட்ரினிட்டியின் கேட்டும் கேட்தான், பிளாஸ்மாவின் கேட்டும் கேட்தான். இரண்டும் மெனுவில் ஒரே பெயரில் தெரியும். டெர்மினலில் தட்டினால் எது வரும் என்பது தேடல் பாதையில் எந்த ஃபோல்டர் முதலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்தவனுக்கு இது விளையாட்டு. பெரியப்பாவுக்கு அல்ல. முதல் நாள் அவர் தவறான கேட்டைத் திறந்துவிட்டு, "பழசு வந்துடுச்சுன்னியே, இது பழசு இல்லையே" என்றார். மெனுவில் புதியதை ஒளித்து வைத்த பிறகுதான் சரியானது.

பயன்பாட்டுப் பெயரை மாற்றாததற்கும் ஒரு நியாயம் இருக்கலாம். மேட் கொடுத்த விலையை ட்ரினிட்டி கொடுக்க விரும்பவில்லை. பழகியவனுக்குப் பெயரும் வீட்டின் ஒரு பகுதிதானே. ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள் என்று தெரிந்த பிறகு, மெனுவில் காட்டும் பெயரிலாவது ஒரு அடைமொழி சேர்த்திருக்கலாம்.

சரி, கடைசியில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நடைமுறையில் வழிகள் நிறைய. எக்ஸ் சாளரத்துக்குள் இன்னொரு எக்ஸைத் திறந்து அதற்குள் பழைய டெஸ்க்டாப்பை ஓட்டலாம். பார்க்க நன்றாக இருக்கும், தினசரி வேலைக்கு ஆகாது. மெய்நிகர் கணினி வைக்கலாம், ஒரு கணினிக்குள் இன்னொன்று என்று பெரியவருக்கு விளக்கவே ஒரு நாள் ஆகும். அமைப்பு ஃபோல்டரைச் சூழல் மாறி வைத்துத் திருப்பலாம், ஆனால் எல்லா நிரலும் அதை மதிக்கும் என்று நம்ப முடியாது. டி-பஸ் மோதலும் அப்படியே இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே பழைய, எளிய வழி. தாத்தாவுக்கு ஒரு பயனர் கணக்கு, பேத்திக்கு ஒரு பயனர் கணக்கு. யூனிக்ஸ் பல பேருக்காகப் பிறந்த அமைப்பு. தனிப் பயனர் என்றால் ஹோம் தனி, பஸ் தனி, செஷன் தனி. நினைவும் பேச்சும் இலவசமாகப் பிரிந்துவிடுகின்றன. இடத்தையும் பெயரையும் ட்ரினிட்டி பார்த்துக்கொள்கிறது. அவர் திரையில் ட்ரினிட்டி எக்ஸ் மேல் ஓடுகிறது, அவள் திரையில் பிளாஸ்மா வேலண்ட் மேல் ஓடுகிறது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தி ஒரு எஃப் விசையைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகலாம், இரண்டும் உயிரோடு இருக்கும்.

சொல் திரட்டு மட்டும் பொது. தனி ஃபோல்டர், இருவரும் உள்ள ஒரு குழு, புதிதாக உருவாகும் ஃபைலும் அந்தக் குழுவுக்கே சேரும்படி அனுமதி. அவர் பழைய கேட்டில் தட்டுவதை அவள் புதிய கேட்டில் திறந்து அட்டவணை ஆக்குகிறாள். வெறும் யூனிகோடு எழுத்துக் கோப்பு என்பதால் இருபது வருஷத்தில் எந்தப் பதிப்பும் அதைப் படிக்க மறுக்கவில்லை. டெஸ்க்டாப் பற்றி இவ்வளவு எழுதியபின் இதையும் சொல்லிவிட வேண்டும்: அவருடைய உழைப்பைக் காப்பாற்றியது எந்த டெஸ்க்டாப்பும் அல்ல, அந்த எளிய ஃபைல் வடிவம்தான்.

இந்த ஏற்பாடு நிரந்தரமல்ல என்பதும் எனக்குத் தெரியும். ட்ரினிட்டிக்கு எக்ஸ் வேண்டும். உலகம் வேலண்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. பழைய க்யூட்டியைப் பராமரிப்பவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சிலர். பழைய காங்கரரை வைத்து இன்றைய இணையதளங்களைப் பார்ப்பது முடியாத காரியம், பாதுகாப்பும் இல்லை. அதனால் அவர் கணக்கில் பிரவுசராக ஃபயர்ஃபாக்ஸைத்தான் வைத்திருக்கிறேன். பழையதைப் புனிதமாக்கும் எண்ணம் எனக்கில்லை. பேத்தி பிளாஸ்மா 6-ஐ விட்டு இறங்க மாட்டாள். "சித்தப்பா, தாத்தா ஸ்கிரீனைப் பார்த்தா மியூசியம் மாதிரி இருக்கு" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

கேடிஇ-யின் இருபதாம் ஆண்டையொட்டி, 2016-இல், அதன் ஆர்வலர்கள் கேடிஇ 1-ஐயே அன்றைய லினக்ஸில் ஓடும்படி மீட்டெடுத்தார்கள். விழாவுக்காகச் செய்தது. பதினெட்டு வருஷப் பழைய நிரல் எழுந்து நின்றது என்றால், அந்தத் திறமையும் பாசமும் அந்தச் சமூகத்தில் இருக்கின்றன என்றுதான் அர்த்தம். நான் கேட்பது அதைவிடச் சின்னது. அடுத்த பெரிய பதிப்பு வரும்போது, எழுதுகிறவர்கள் ஒரு கேள்வியைச் சோதனைப் பட்டியலில் சேர்க்கட்டும்: "முந்தைய பதிப்பில் இருப்பவன் இதை ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இழக்காமல் திரும்பிப் போக முடியுமா?" ஆம் என்ற பதில் வந்தால், பலர் பயமில்லாமல் புதியதைத் தொட்டுப் பார்ப்பார்கள். திரும்ப வழியில்லாததால்தான் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

போன ஞாயிறு பெரியப்பா போன் செய்தார். "மதகு"க்கும் "மடை"க்கும் வித்தியாசம் எங்கள் ஊர்ப்பக்கம் எப்படிச் சொல்கிறார்கள் என்று என் மாமனாரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். கணினி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு. நீ மடையைக் கேட்டுச் சொல்லு."